மறிப்புக்கு முன் விழுந்த சொல்

அனுப்புநர்:
இரும்புச் சாமான் வியாபாரி,
(அண்ணன் தம்பி கடையில் தம்பி),
சந்தைக்குப் பின்தெரு.

பெறுநர்:
மேல்முறையீட்டு அலுவலர் அவர்கள்,
அட்டை விளையாட்டுக் கூட்டமைப்பு,
தலைமை அலுவலகம்.

பொருள்: வட்டப் போட்டி அரையிறுதியில் நான் சொன்ன ஒரே சொல்லுக்கு என் அண்ணன் மீது இரண்டு தண்டனை விதிக்கப்பட்டது – நீக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. நடுவரின் முடிவுத்தாள். 2. அதன் மீது வட்டக் குழு அனுப்பிய ஒரு வரிப் பதில்.

மரியாதைக்குரிய ஐயா,

1. சென்ற மாதம் நடந்த அரையிறுதியில், என் அண்ணன் ஒரு சொல்லைச் சொல்லி முடிப்பதற்குள் நான் வேறொரு சொல்லைச் சொல்லிவிட்டேன். அதை அண்ணன் சொன்னதாக எடுத்துக்கொண்டு நடுவர் ஆட்டத்தை நடத்தினார்; அண்ணன் தோற்றார். பிறகு அதே சொல்லை நான் சொன்னதாக எடுத்துக்கொண்டு, வெளியார் உதவி பெற்றார் என்று சொல்லி, அண்ணன் இந்தப் பருவம் முழுவதும் ஆடக் கூடாது என்று எழுதிவிட்டார். நடந்தது இவ்வளவுதான். மீதியை எழுதுவது, இது ஏதோ அட்டை விளையாட்டுத் தகராறு என்று தாங்கள் கோப்பை மூடிவிடக் கூடாது என்பதற்காக.

2. மனு யாரிடமிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் அதை எந்த எடைக்கல்லால் நிறுப்பது என்று தெரியும். நானும் அண்ணனும் கீல், தாழ்ப்பாள், ஆணி, போல்ட் விற்கிறவர்கள். தள்ளுவண்டியில் பழைய இரும்பு வாங்கி விற்றுத் தொடங்கினோம். இன்று ஷட்டர் போட்ட கடையும், பின்னால் ஒரு கிடங்கும் இருக்கின்றன. பெரிய படிப்பு கிடையாது. ஆனால் பின்பக்கத்தைத் திருப்பிப் படிக்காமல் எந்தத் தாளிலும் நான் கையெழுத்துப் போட்டதில்லை. தங்கள் கூட்டமைப்பின் விதிப்புத்தகத்தையும் அப்படித்தான் படித்தேன். முதல் தடவை புரியவில்லை. புரியாத சரக்கை விற்க முடியாது என்பதால் மறுபடியும் படித்தேன்.

வியாபாரத்தில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. விலையை அண்ணன் தொடங்குவார், நான் முடிப்பேன். "இந்தக் கீல் ஜோடி..." என்று அவர் இழுப்பார். அந்த இழுப்புக்குள் வாங்க வந்தவர் முகத்தை நான் பார்த்துவிடுவேன். அவசரக்காரரா, நாலு கடை ஏறி இறங்குகிறவரா என்று தெரிந்ததும் தொகை என் வாயிலிருந்து வரும். அண்ணன் நிறுத்துகிற இடம் என்னுடைய இடம். எங்களிடம் வாடிக்கையாக வாங்கும் கொத்தனார் ஒருவர் கேலி செய்வார்: "ஒரு வெலைய ரெண்டு பேர் சொல்றீங்க. காசையும் ரெண்டு தடவ கேட்டுறாதீங்கப்பா." நாங்களும் சிரிப்போம். அப்படித்தான் பிழைத்தோம், அப்படித்தான் வளர்ந்தோம்.

3. சென்ற ஆண்டு அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் ஓரளவு திரும்பின. பேச்சு துண்டு துண்டாகத்தான் திரும்பியது. என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அது நாக்குக்கு வந்து சேர நேரமாகும். நடுவில் நிற்கும்போது உதடு அசையும், கண் எதிரே இருப்பவரைக் கெஞ்சும். கெஞ்சும் என்பதை யோசித்துத்தான் எழுதுகிறேன். யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லாத மனிதர் அவர்.

பேச்சுப் பயிற்சி தருகிற அம்மாதான் இந்த ஆட்டத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார். இதில் சொல்ல வேண்டிய சொற்கள் கொஞ்சம், அவற்றுக்கு ஒரு வரிசை உண்டு, எதிரில் இருப்பவர் காத்திருந்தே ஆக வேண்டும் என்றார். எனக்கு நம்பிக்கையில்லை. அரும்பாடுபட்டுக் கடை வைத்த ஆளைப் படம் போட்ட அட்டையோடு உட்கார வைப்பதா என்று கேட்டேன். "உங்க அண்ணன் பேசச் சொன்னா பேச மாட்டாருங்க. ஜெயிக்கணும்னா பேசுவாரு" என்றார் அந்த அம்மா. சில வாரப் பழக்கத்திலேயே அவர் என் அண்ணனை அறிந்துகொண்டது அப்படி.

அது உண்மைதான் என்று தெரிந்தது. விளையாட்டுச் சாமான் கடையின் பின்னறையில், பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவே, வாரம் தவறாமல் போனார். மின்விசிறிக் காற்றில் அட்டைகள் பறக்காமலிருக்க எங்கள் கடையிலிருந்து பெரிய நட்டுகளைச் சட்டைப் பையில் எடுத்துப் போவார். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். தாக்குகிறேன், மறிக்கிறேன், முடிந்தது. இந்த மூன்று சொற்களில் ஆரம்பித்தவர், ஒரு நாள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது அண்ணியைப் பார்த்து, "இன்னைக்கு... அந்த டிரைவர... ஓட ஓட... வெரட்டினேன்" என்றார். ஒரு முழு வாக்கியம், ஐயா. அண்ணி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டார்கள்.

4. இனி விதிக்கு வருகிறேன். இந்த ஆட்டத்தில் சண்டை என்பது நான்கு கட்டம். முதலில் தாக்குகிறவர், எந்த வீரன் போகிறான் என்று சொல்ல வேண்டும். இரண்டாவது, எதிராளி யாரை நிறுத்தி மறிக்கிறார் என்று சொல்ல வேண்டும். மூன்றாவதில் இருவரும் தங்கள் அட்டைகளின் திறன்களைப் பயன்படுத்தலாம். கடைசியில்தான் அடி விழும்; மறிக்காத அடி ஆட்டக்காரரின் உயிர்ப்புள்ளியைக் குறைக்கும், அது தீர்ந்தால் தோல்வி. திறனை முந்திய கட்டங்களிலும் பயன்படுத்தத் தடையில்லை. ஆனால் எந்தக் கட்டத்தில் சொன்னோமோ அதற்கு ஏற்றபடி பலன் மாறும். ஆட்டத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

அண்ணனிடம் 'பாலக்காவலன்' என்று ஓர் அட்டை இருக்கிறது. அவனுடைய திறன் 'பின்வாங்கு'. ஆட்டத்துக்கு ஒரு முறை, சண்டையின் நடுவே அவனைக் களத்திலிருந்து எடுத்துக் கைக்குத் திருப்பிக்கொள்ளலாம். இதோடு சேர்த்துப் படிக்க வேண்டிய விதி ஒன்று உண்டு: ஒருமுறை மறிக்கப்பட்ட தாக்குதல், மறித்தவன் போய்விட்டாலும் மறிக்கப்பட்டதுதான். இது எனக்கு விளங்க நாளாயிற்று. முன்பணம் என்று நினைத்துப் பார்த்ததும் விளங்கியது. முன்பணம் வாங்கிய சரக்கு கட்டுப்பட்ட சரக்கு. கொடுத்தவர் ஊருக்குப் போய்விட்டாலும் அதை இன்னொருவருக்கு விற்க முடியாது.

ஆகவே, மறித்த பிறகு 'பின்வாங்கு' என்றால் தாக்க வந்தவன் வெறுங்கையோடு நிற்பான், காவலனும் பிழைப்பான். மறிப்பதற்கு முன்பே 'பின்வாங்கு' என்றால் காவலன் போய்விடுவான், பாலம் திறந்து கிடக்கும், அடி நேரே ஆட்டக்காரர் மேல் விழும். சொல் ஒன்றுதான். அரை மூச்சு முந்தினால் அதுவே கழுத்தை அறுக்கும்.

5. அரையிறுதியில் அண்ணனுக்கு எதிரே இருந்தவர், அண்ணியிடம் அண்ணன் சொன்ன அதே பேருந்து ஓட்டுநர். மேசைக்காரர்கள் அவரைப் 'பிரேக்' என்று கூப்பிடுவார்கள், அவருடைய ஆட்டத்தில் அது கிடையாது என்பதால். அவர் தன்னிடமிருந்த பெரிய வீரனை அனுப்பி, "தாக்குறேன்ணே. நிதானமா யோசிங்க" என்றார். அண்ணனுக்கு உயிர்ப்புள்ளி அடிமட்டத்தில் இருந்தது. அந்த அடி விழுந்தால் ஆட்டம் முடிந்தது. விழாமல் போனால் ஓட்டுநரின் பக்கம் வெட்டவெளி. அடுத்த முறையில் அண்ணன் ஜெயிப்பார். அறையில் எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது.

அண்ணன் கையை அட்டை மேல் வைத்து, "பாலக்காவலன்..." என்றார். அங்கே நின்றுவிட்டது. உதடு அசைந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. அந்த இடைவெளியைப் பல வருடங்களாக நான்தான் நிரப்பி வந்திருக்கிறேன். அரையிறுதிக்கு முந்தைய சுற்றில் அவர் 'பின்வாங்கு' சொல்லி ஜெயித்ததைப் பார்த்திருந்தேன். என்னையறியாமல், கல்லாவில் உட்கார்ந்து விலை சொல்வதுபோல, "பின்வாங்கு" என்றேன்.

அவர் சொல்ல வந்தது 'மறிக்கிறான்' என்பது. அதன் பிறகுதான் மற்றது.

நடுவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சொல்லியாச்சு சார். மறிக்கிறதுக்கு முன்னாடியே திறன் வந்துடுச்சு" என்றார். அண்ணன் தலையை ஆட்டினார். "இல்... இல்..." என்றார். அந்தச் சொல்லும் முடியவில்லை. அதை முடித்துவைக்க வேண்டிய ஒரே நேரத்தில் என் வாய் அடைத்துப்போயிருந்தது. காவலனை நடுவரே எடுத்து அண்ணன் கையில் கொடுத்தார். அடி விழுந்தது. அட்டைகளைக் கலைத்த பிறகுதான் என் பக்கம் திரும்பி, "நீங்க யாரு? இடையில பேசினது நீங்கதானே?" என்று கேட்டார். நான்தான் என்றேன். பொய் சொல்லவில்லை. உடனே இரண்டாவது தண்டனையை எழுதினார்.

6. என் புகார் இதுதான், ஐயா. ஒரே சரக்குக்கு இரண்டு ரசீது போட முடியாது. 'பின்வாங்கு' என்பது அண்ணனின் சொல் என்றால், வெளியார் உதவி என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆடியவர் தன் அட்டையை ஆடினார், தோற்றார், வீட்டுக்குப் போகலாம். அது என் சொல் என்றால், ஆடாத ஒருவன் சொன்னதை வைத்துக் காவலனை எடுத்தது எப்படி? பக்கத்து நாற்காலிக்காரன் உளறினால் அது ஆட்டக்காரரின் அறிவிப்பு ஆகாது என்று தங்கள் புத்தகத்தின் அறிவிப்பு அத்தியாயமே சொல்கிறது. நடுவர் அந்தச் சொல்லை ஆட்டத்துக்கு அண்ணன் கணக்கிலும் தண்டனைக்கு என் கணக்கிலும் எழுதி, இரண்டையும் அண்ணனிடமே வசூலித்துவிட்டார். எங்கள் தெருவில் இப்படி வியாபாரம் செய்தால் மறுநாள் கடை திறக்க முடியாது.

இன்னொன்று. உதவி என்றால் உதவியிருக்க வேண்டும். நான் செய்தது அவர் கழுத்தில் கால் வைத்தது. அதை உதவி என்று எழுதிய தாளைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கூசுகிறது.

வட்டக் குழுவுக்கு இதையெல்லாம் எழுதினேன். 'நடுவர் முடிவே இறுதி' என்று பதில் வந்தது. நடுவர் மீது எனக்குப் பகை கிடையாது. மரியாதையாகப் பேசினார், அறையில் சத்தம் அதிகம், ஒரே நேரத்தில் பல மேசைகளைப் பார்க்க வேண்டியிருந்தது. தவறிய தராசைச் சரிபார்க்க ஆள் இருக்கிறதுபோல, தவறிய முடிவைப் பார்க்கத் தாங்கள் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் இந்த மனு.

7. இப்போது நிலைமை என்ன என்பதையும் தெரிவிக்க வேண்டும். அண்ணன் கடைக்கு வருகிறார். முன்பக்கம் உட்காருவதில்லை. கிடங்கில், ஆணி மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டுக்கொண்டு, கலந்துபோன திருகாணிகளை அளவுவாரியாகப் பிரிக்கிறார். பிரித்து முடித்தால் வேறொரு பெட்டியைக் கொட்டிக்கொள்கிறார். யாராவது விலை கேட்டால் என்னைப் பார்க்கிறார். உதடு அசைவதுகூட இல்லை. வாடிக்கைக்காரர்கள் அவர் தலைக்கு மேலே என்னோடு பேசப் பழகிவிட்டார்கள். அந்தக் கொத்தனாரும் இப்போது கேலி செய்வதில்லை.

பயிற்சி அம்மா வந்து பார்த்தார். "வார்த்தை போயிடலைங்க. தேவையில்லைன்னு முடிவு பண்ணிட்டாரு" என்றார். அண்ணியிடம் நான் புலம்பியபோது அவர்கள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "அவரு எப்படித் தம்பி பேசுவாரு? நீங்க இருக்கற எடத்துல அவருக்கு வாய் எதுக்கு?" என்றார்கள். கோபத்தில் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

எனக்குத் தெரிந்த வழியில் ஒன்று செய்து பார்த்தேன். தகரத்தைச் சதுரமாக வெட்டி, விளிம்பை அரத்தால் மழுக்கி, 'மறிப்பு', 'திறன்', 'முடிந்தது' என்று பொறித்து, இதை நீட்டினால் போதும், வாயைத் திறக்கவே வேண்டாம் என்று கொடுத்தேன். நல்ல வேலைப்பாடு. அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார், விரலால் விளிம்பைத் தடவினார். பிறகு கழிவுத் தகரம் போடுகிற டப்பாவில் போட்டுவிட்டார். ஊமைக்குச் செய்வதை ஊமையல்லாத மனிதருக்குச் செய்து கொடுத்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

8. நேரமும் ஆட்டத்தின் ஒரு பகுதி, எல்லோருக்கும் காத்திருந்தால் போட்டி முடியாது என்று தங்கள் தரப்பில் சொல்லக்கூடும். நியாயம்தான், நானும் நேரம் பார்த்துப் பிழைப்பவன். ஆனால் அன்று நேரம் போதவில்லை என்று யாரும் சொல்லவில்லை. மேசையில் வைத்த கடிகாரத்தில் அண்ணனுக்கு மிச்சம் இருந்தது. காத்திருக்க மாட்டேன் என்று எதிராளியும் சொல்லவில்லை. அந்த அறையில் அவசரப்பட்ட ஒரே ஆள் நான்.

அந்த ஓட்டுநரை நானே பணிமனைக்குப் போய்ப் பார்த்தேன். பேருந்தின் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பேரம் பேச வேண்டியிருக்கும் என்று மனசுக்குள் நாலைந்து விதமாகத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். எதுவும் தேவைப்படவில்லை. "இறுதிப் போட்டிக்குப் பேர் குடுத்திருக்காங்க. வீட்ல எப்படி ஜெயிச்சேன்னு கேக்கறாங்க. என்னத்தச் சொல்றது?" என்றார். ஜெயிக்கப் போகிற மேசை என்று அந்தத் தாக்குதலுக்கு முன்பே அவர் கைப்பேசியில் படம் பிடித்து வைத்திருந்தார். எந்த அட்டை எங்கே இருந்தது, யாருக்கு எவ்வளவு புள்ளி என்பது எல்லாம் அதில் தெளிவாக இருக்கிறது. அதன் நகலையும், மறு ஆட்டத்துக்கு அவர் கைப்பட எழுதிக் கொடுத்த சம்மதத்தையும் இணைத்திருக்கிறேன். இறுதிப் போட்டி இன்னும் நடக்கவில்லை என்பதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

9. ஆகவே நான் கேட்பது:

அண்ணன் மீதுள்ள தடையை நீக்க வேண்டும். தண்டிக்கத்தான் வேண்டும் என்றால் தண்டனைக்குரியவன் நான். எந்தப் போட்டி அறைக்குள்ளும் என்னை விடக் கூடாது என்று எழுதுங்கள். பருவத்துக்கு மட்டும் இல்லை, எத்தனை காலத்துக்கு வேண்டுமானாலும். முடிவுத்தாளில் 'வெளியார் உதவி பெற்றார்' என்ற வரியை அடித்துவிட வேண்டும். அந்தத் தாள் விளையாட்டுச் சாமான் கடையின் பின்னறைச் சுவரில் இன்னமும் ஒட்டியிருக்கிறது, போகிற வருகிறவர்கள் படிக்கிறார்கள்.

ஓட்டுநர் தாக்குதலை அறிவித்த இடத்திலிருந்து ஆட்டத்தைத் தொடர அனுமதிக்க வேண்டும். அண்ணன் தோற்கலாம். பயிற்சி விட்டுப்போயிருக்கிறது. ஜெயித்துத் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. தோற்பதாக இருந்தாலும் தன் வாயால் சொல்லித் தோற்கட்டும்.

கூடவே பொதுவாக ஒன்று. மறிப்புக் கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போகுமுன், 'முடிந்ததா?' என்று மறிக்க வேண்டியவரைக் கேட்டு, அவர் வாயிலிருந்தே பதில் வரும்வரை, அவருடைய நேரம் மிச்சமிருக்கும்வரை, நடுவர் காத்திருக்க வேண்டும் என்று விதியில் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். என் அண்ணனுக்காக மட்டும் கேட்கவில்லை. திக்கிப் பேசுகிற ஒரு பெண் அதே அறையில் ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். அவளுக்குப் பக்கத்து நாற்காலியிலும் யாராவது இருப்பார்கள்.

தாமதமானால் இறுதிப் போட்டி நடந்துவிடும். அதற்குப் பிறகு வருகிற எந்த உத்தரவும் எங்களுக்குக் காலி டப்பாதான். விரைந்து முடிவெடுக்கப் பணிந்து வேண்டுகிறேன்.

நாள்: கடை விடுமுறை, ஞாயிறு
இடம்: சந்தைக்குப் பின்தெரு, கிடங்கு அறை

உண்மையைத் தவிர வேறெதுவும் எழுதவில்லை என்ற உறுதியுடன்,
(கையொப்பம்)
இரும்புக்கடைத் தம்பி

இணைப்பு: மேசையின் படம், எதிராளியின் சம்மதக் கடிதம், மறு ஆட்டத்துக்கு இரு தரப்பும் ஒத்துக்கொண்ட நிபந்தனைகள். நிபந்தனைகளைத் தங்கள் வசதிக்காகக் கீழேயும் எழுதியிருக்கிறேன்.

மேசை படத்தில் உள்ளபடியே அடுக்கப்படும். பெரிய வீரன் தாக்குகிறான், பாலக்காவலன் களத்தில் நிற்கிறான், அண்ணன் இன்னும் மறிப்பைச் சொல்லவில்லை என்பதிலிருந்து ஆட்டம் தொடங்கும்.

அண்ணனின் திட்டம் இப்போது ஓட்டுநருக்குத் தெரியும். அதற்கு ஈடாக அவர் தன் கையிலுள்ள அட்டைகளைத் திருப்பிக் காட்டிவிடுவதாக ஒத்துக்கொண்டார். இது அவராகவே சொன்னது.

ஓட்டுநர் விட்டுக்கொடுத்து ஆட மாட்டார். அவர் தோற்றால், பரிதாபப்பட்டுக் கொடுத்தார் என்று எங்கள் தரப்பில் யாரும் சொல்லக் கூடாது. இது அவர் கேட்ட ஒரே நிபந்தனை, ஒத்துக்கொண்டோம்.

அண்ணனின் நிபந்தனையை அறிய நேற்று கிடங்கில் அவர் எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்தேன். அவர் தொடங்கினார், நின்றார், மறுபடி தொடங்கினார். நான் என் பல்லைக் கடித்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல், கையிலிருந்த ஒரு திருகாணியைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். வந்தது இவ்வளவு: "ஆடுறேன்... நீ... வராத." ஒத்துக்கொண்டேன்.